பதிவு போட்டவர், ஃபார்வர்டு செய்தவர், புகார் கொடுத்தவர்: இணைய வெறுப்புப் பேச்சும் சட்டமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"சார், ஒரு பதிவு போட்டுட்டேன், கேஸ் ஆகுமா?" என்று காலையில் ஒரு போன் வரும். அன்று மாலையே இன்னொருவர் வந்து, "எங்க மக்களை இவ்வளவு கேவலமாப் பேசியிருக்கான், இவனை ஒண்ணும் பண்ண முடியாதா?" என்று செல்போனை நீட்டுவார். வழக்கறிஞராக இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். இருவரும் திரும்பத் திரும்பக் கேட்டதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் இந்தியச் சட்டம். கடைசியில் இலங்கை, வளைகுடா பற்றிக் கொஞ்சம். இது பொது விளக்கம். உங்கள் வழக்கின் தாள்களைப் பார்த்த வக்கீல் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

வெறுப்புப் பேச்சு என்றால் என்ன என்று சட்டத்தில் எங்கே சொல்லியிருக்கிறது?

எங்கேயும் இல்லை. மத்தியச் சட்டம் எதிலும் அந்தச் சொல்லுக்கு விளக்கம் கிடையாது. 2017 மார்ச்சில் சட்ட ஆணையம் தனது 267-வது அறிக்கையில் இதற்கென்றே இரண்டு புதிய பிரிவுகளைச் சேர்க்கலாம் என்று பரிந்துரை செய்தது. அதற்குப் பிறகு தண்டனைச் சட்டம் முழுதாகவே மாற்றி எழுதப்பட்டது. பாரதிய நியாய சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்., 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதிலும் விளக்கம் இல்லை. கையில் வாய்ப்பு வந்தபோதும் விட்டுவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். கர்நாடகச் சட்டமன்றம் 2025 டிசம்பரில் இதற்கெனத் தனி மசோதா ஒன்றை நிறைவேற்றியது.

விளக்கம் இல்லாத இடத்தை நீதிமன்றம் ஓரளவு நிரப்பியிருக்கிறது. தொலைக்காட்சி நெறியாளர் அமிஷ் தேவ்கன் வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சுருக்கினால்: என்ன சொன்னார், என்ன நோக்கத்தோடு சொன்னார், அதனால் என்ன கேடு வரும் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பேசியவர் யார் என்பதும் கணக்கில் வரும். லட்சம் பேர் பின்தொடர்கிற ஒருவர் சொல்வதும், பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையில் சொல்வதும் ஒன்றல்ல.

அப்படியானால் எந்தப் பிரிவில் வழக்குப் போடுகிறார்கள்?

ஸ்டேஷனில் இன்னமும் பழைய எண்ணைத்தான் வாயில் சொல்கிறார்கள். "ஒன் ஃபிஃப்டி த்ரீ ஏ போட்டிருக்கு" என்பார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் அந்த 153ஏ இப்போது பி.என்.எஸ். 196. மதம், இனம், பிறந்த இடம், வசிக்கும் இடம், மொழி, சாதி, சமூகம் ஆகியவற்றின் பெயரால் பிரிவினருக்கு இடையே பகையை வளர்ப்பது இந்தக் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை. வழிபாட்டு இடத்தில் செய்தால் ஐந்து ஆண்டு வரை. புதிய சட்டத்தில் "மின்னணுத் தகவல்தொடர்பு" என்ற சொல்லை வெளிப்படையாகவே சேர்த்துவிட்டார்கள். "ஃபேஸ்புக்ல எழுதினா பேச்சா சார்?" என்ற பழைய வாதத்துக்கு இனி இடமில்லை.

295ஏ இப்போது 299: மத உணர்வை வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு புண்படுத்துவது. 505 இப்போது 353: வதந்தி, பொய்த் தகவல் மூலம் கலவரத்துக்கும் பகைக்கும் வழி செய்வது. இரண்டுக்கும் மூன்று ஆண்டு வரை. இவற்றோடு 352 என்ற பிரிவையும், அதாவது அமைதி குலையும்படி அவமதிப்பது, ஊறுகாய் மாதிரி ஓரத்தில் வைப்பார்கள்.

இவற்றில் எதுவும் இணையத்துக்காகப் பிறந்ததில்லை. 153ஏ வெள்ளைக்காரன் காலத்தில் 1898-ல் வந்தது. 295ஏ 1927-ல் வந்தது. குதிரை வண்டி காலத்துச் சட்டத்துக்கு எண்ணை மாற்றி, ஒரு சொல்லைச் சேர்த்து, ரீல்ஸ் காலத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

66ஏ என்று ஒன்று இருந்ததே?

இருந்தது, செத்துவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008 திருத்தத்தில் சேர்த்த பிரிவு அது. "எரிச்சலூட்டும்", "அசௌகரியம் தரும்" தகவலை அனுப்பினாலே மூன்று ஆண்டு வரை சிறை. எரிச்சலுக்கு அளவுகோல் ஏது? 2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒரு சிறுதொழில் முனைவோர், ஒரு அரசியல் பிரமுகரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்குக் கைதானார். அடுத்த மாதம் மகாராஷ்டிரத்தின் பால்கரில், பால் தாக்கரே மறைவையொட்டிக் கடையடைப்பு ஏன் என்று ஃபேஸ்புக்கில் கேட்ட ஒரு பெண்ணையும், அதற்கு லைக் போட்ட அவருடைய தோழியையும் பிடித்தார்கள். அதைப் பார்த்துக் கொதித்த ஸ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி உச்ச நீதிமன்றம் போனார். 2015 மார்ச் 24 அன்று அந்தப் பிரிவு ரத்தானது.

வேடிக்கை என்னவென்றால், செத்த பிரிவில் பல வருடம் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, யார் மீதும் இனி இந்தப் பிரிவில் வழக்கு நடத்தக் கூடாது என்று உத்தரவிட வேண்டியிருந்தது. உங்கள் எஃப்.ஐ.ஆரில் 66ஏ இருந்தால், முதலில் அதைத்தான் உங்கள் வக்கீல் கிழிக்க வேண்டும்.

சரி, கோடு எங்கே இருக்கிறது? யாரையும் கடுமையாக விமர்சிக்கவே கூடாதா?

என்னிடம் வருகிறவர்கள் எல்லோருமே "புண்பட்டதா, இல்லையா?" என்ற கேள்வியோடுதான் வருகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. "யாருக்கு எதிராக, யாரை, எதற்குத் தூண்டுகிறது?" என்பதுதான் கேள்வி. ஸ்ரேயா சிங்கால் தீர்ப்பு மூன்று படி காட்டுகிறது: ஒரு விஷயத்தை விவாதிப்பது, ஒரு கருத்துக்காக வாதாடுவது, தூண்டிவிடுவது. முதல் இரண்டும் எவ்வளவு கசப்பாக இருந்தாலும் உரிமை. மூன்றாவது படியில் கால் வைக்கும்போதுதான் சட்டம் உள்ளே வரும்.

ஒரு தெருவின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று செய்திகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாவது: "இந்த மதத்தின் இந்தச் சடங்கு மூடத்தனம், அரசு தடை செய்ய வேண்டும்." யாருக்காவது வலிக்கும். ஆனால் அது விமர்சனம். இரண்டாவது: "மூணாம் நம்பர் வீட்டுக்காரன் அயோக்கியன், கடன் வாங்கி ஏமாத்திட்டான்." அது அவதூறாகலாம், வெறுப்புப் பேச்சு ஆகாது, ஒரு தனி மனிதரைப் பற்றியது. மூன்றாவது: "அந்த மதத்துக்காரங்க கடையில யாரும் வாங்காதீங்க, வீடு வாடகைக்கு விடாதீங்க, ஊரை விட்டு விரட்டினாத்தான் நமக்கு நிம்மதி." கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. மூன்றில் மிகவும் "மரியாதையான" தமிழில் இருப்பதும் இதுதான். 196 உட்காருவது இதன் மீதுதான்.

இந்தக் கோட்டை உச்ச நீதிமன்றம் சமீப காலமாக நன்றாகவே காத்துவருகிறது. மேகாலயத்தில் பழங்குடி அல்லாத இளைஞர்கள் தாக்கப்பட்டபோது, "குற்றவாளிகளை ஏன் பிடிக்கவில்லை?" என்று ஃபேஸ்புக்கில் கேட்ட மூத்த பத்திரிகையாளர் பாட்ரீசியா முகிம் மீது 153ஏ போட்டார்கள். 2021 மார்ச்சில் அந்த வழக்கு ரத்தானது. அவர் நீதி கேட்டாரே தவிர பகையைக் கேட்கவில்லை. காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து நீக்கப்பட்ட ஆகஸ்ட் 5-ஐ "கறுப்பு நாள்" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்த கோலாப்பூர் பேராசிரியரின் வழக்கும் 2024 மார்ச்சில் ரத்தானது. ஒரு கவிதையைப் பின்னணியில் ஓடவிட்டு வீடியோ போட்டதற்காக மாநிலங்களவை உறுப்பினர் இம்ரான் பிரதாப்கடி மீது குஜராத்தின் ஜாம்நகரில் போட்ட வழக்கு 2025 மார்ச் 28 அன்று ரத்தானது.

அந்தக் கடைசித் தீர்ப்பில் ஒரு பழைய அளவுகோலை மறுபடி எடுத்து வைத்தார்கள். ஒரு பேச்சின் விளைவை நியாயமான, திடமனதுள்ள, துணிவுள்ள மனிதரின் இடத்தில் நின்றுதான் எடைபோட வேண்டும். எதைக் கண்டாலும் பதறுகிறவரின் இடத்தில் நின்று அல்ல. நாக்பூர் நீதிமன்றத்தில் 1946-ல் நீதிபதி விவியன் போஸ் சொன்னது. எண்பது வருடம் ஆகப்போகிறது, இன்னும் தேய்ந்துபோகவில்லை.

மத உணர்வு புண்பட்டது என்று புகார் கொடுத்தால் போதாதா?

போதாது. 299-ன்படி வேண்டுமென்றே செய்தார், கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்ற இரண்டும் வேண்டும். வாய் தவறியதும், தெரியாமல் எழுதியதும், ஆராய்ச்சியாக எழுதியதும் இதற்குள் வராது.

தமிழ்நாட்டில் இந்த விவாதம் இணையத்துக்கு ரொம்ப முந்தியது. 1953-ல் திருச்சியில் பெரியார் மண் பிள்ளையாரை உடைத்தபோது, வழிபாட்டுப் பொருளைச் சேதப்படுத்துவது பற்றிய 295-வது பிரிவில் தனிப்புகார் போனது. கீழ் நீதிமன்றங்களும் சென்னை உயர் நீதிமன்றமும் புகாரைத் தள்ளின. 1958-ல் உச்ச நீதிமன்றம், "புனிதப் பொருள்" என்பதற்கு அவை கொடுத்த விளக்கம் மிகக் குறுகியது என்று சொன்னது. ஆனால் இத்தனை காலம் ஆன பிறகு வழக்கைக் கிளற விரும்பவில்லை என்று விட்டுவிட்டது. இரண்டு தரப்பும் இன்றைக்கும் இதைத் தங்களுக்குச் சாதகமாக மேற்கோள் காட்டுவதைப் பார்க்கலாம்.

சாதியைச் சொல்லித் திட்டி வீடியோ போட்டால்?

பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு எதிராக இருந்தால் 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். ஊரில் இதை இன்னமும் "பிசிஆர் கேஸ்" என்பார்கள். அது 1955-ம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயர். சட்டம் மாறியும் பேச்சுவழக்கு மாறவில்லை.

இதில் மூன்று உட்பிரிவுகள் இணையத்துக்கு வேலை செய்யும். 3(1)(ஆர்): பொதுமக்கள் பார்வையில், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பது. 3(1)(எஸ்): பொதுமக்கள் பார்வையில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது. 3(1)(யு): இந்த மக்களுக்கு எதிராகப் பகையும் வெறுப்பும் வளர்ப்பது. தண்டனை ஆறு மாதத்தில் தொடங்கி ஐந்து ஆண்டு வரை. முன்ஜாமீனுக்கு 18-வது பிரிவு தடை போடுகிறது. எஃப்.ஐ.ஆருக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. விசாரிப்பவர் டி.எஸ்.பி. அந்தஸ்தில் இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு அரசு நிவாரணத் தொகை உண்டு, அதில் ஒரு பகுதி எஃப்.ஐ.ஆர். போட்ட கட்டத்திலேயே கிடைக்க வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை, கேட்டால்தான் கிடைக்கும்.

"பொதுமக்கள் பார்வை" என்றால் தெருவா, யூடியூபா? 2022-ல் கேரள உயர் நீதிமன்றத்துக்கு இந்தக் கேள்வி வந்தது. பழங்குடிப் பெண் ஒருவரை இழிவுபடுத்திய யூடியூப் பேட்டி அது. அந்தப் பெண் அந்த இடத்தில் இல்லையே என்று வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. இணையத்தில் ஏற்றிய காட்சியை யார் எப்போது திறந்தாலும் அது பொதுமக்கள் பார்வையில்தான் இருக்கிறது என்றது. இன்னொரு பக்கம், கேரள யூடியூபர் ஷாஜன் ஸ்கரியா வழக்கில் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேறு ஒன்றைத் தெளிவாக்கியது: அவமதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதற்காக மட்டும் ஒவ்வொரு அவமதிப்பும் இந்தச் சட்டத்துக்குள் வராது, அந்தச் சாதி அடையாளத்தை வைத்து இழிவுபடுத்தியிருக்க வேண்டும். அவருக்கு முன்ஜாமீனும் கிடைத்தது.

அப்புறம், இடைநிலைச் சாதிகள் ஒன்றையொன்று வம்புக்கிழுக்கும் வீடியோக்கள். அரிவாளோடு, பின்னணிப் பாட்டோடு, "எங்க ஊருக்குள்ள வந்து பாரு" என்று போடுவார்களே, அதற்கு வன்கொடுமைச் சட்டம் வராது, 196 வரும். போடுகிற பையன்களுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயதுதான் இருக்கும். அப்பா அம்மா முகத்தை அறையில் உட்கார்ந்து பார்க்கிறவன் நான். முப்பது வினாடி ரீல், போலீஸ் வேலைக்கான விண்ணப்பத்தில் "உங்கள் மீது வழக்கு உண்டா?" என்ற கட்டம் வரும்போது அது நினைவுக்கு வரும்.

நான் எழுதவில்லை, வந்ததை ஃபார்வர்டு மட்டும் செய்தேன். அதுவும் குற்றமா?

ஆகலாம். நடிகர் எஸ்.வி. சேகர் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். பெண் பத்திரிகையாளர்களைக் கேவலப்படுத்திய ஒரு பதிவை 2018-ல் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். இன்னொருவர் அனுப்பியதைப் படிக்காமல் பகிர்ந்துவிட்டேன், நீக்கிவிட்டேன், மன்னிப்பும் கேட்டுவிட்டேன் என்றார். 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. அனுப்பிய செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு மாதிரி. கையில் இருக்கும் வரைதான் அது உங்கள் கட்டுப்பாட்டில் என்றது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை.

ஃபார்வர்டு என்ன செய்யும் என்பதை நம் மாநிலம் இரண்டு திசையிலும் பார்த்திருக்கிறது. 2018-ல் "வடநாட்டுக் கும்பல் குழந்தை கடத்துகிறது" என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடியது. மே மாதம் சென்னையில் இருந்து ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் கோயிலுக்குக் காரில் போனது. வழியில் போளூர் பக்கம் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். அவ்வளவுதான். 65 வயது அம்மா ஒருவரை அடித்தே கொன்றார்கள். வடநாட்டுக்காரரும் இல்லை, கடத்தலும் இல்லை. அதே ஆண்டு ஜூலையில் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் மாற்றியது.

2023 மார்ச்சில் வதந்தி எதிர்ப்பக்கம் திரும்பியது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று இந்தி வீடியோக்கள் பரவின. பரவியவற்றில் ஒன்று பீகார்த் தொழிலாளிகளுக்குள்ளேயே நடந்த தகராறு, இன்னொன்று உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை. அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு தானே வீடியோவில் வந்து மறுத்தார். அதற்குள் திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளிகள் பயந்து ரயில் ஏறத் தொடங்கியிருந்தார்கள்.

லைக் போடுவது பற்றியும் கேட்கிறார்கள். லைக் என்பது வெளியிடுவதோ பரப்புவதோ ஆகாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2025 ஏப்ரலில் ஒரு வழக்கில் சொன்னது. ஷேர் அப்படி இல்லை.

நான் குழு அட்மின். யாரோ போட்டதற்கு என்னையும் பிடிப்பார்களா?

அட்மின் என்பதற்காக மட்டும் பிடிக்கக் கூடாது. பம்பாய் உயர் நீதிமன்றம், நம் மதுரைக் கிளை, கேரள உயர் நீதிமன்றம் மூன்றுமே 2021, 2022-ல் இதைச் சொல்லிவிட்டன. மதுரைக்கு வந்த வழக்கு கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழுவைப் பற்றியது. வக்கீல்கள் குழுவிலேயே நடந்தது என்றால் மற்றவர்களைச் சொல்ல என்ன இருக்கிறது! ஆனால் அட்மினும் சேர்ந்து திட்டமிட்டார், ஊக்கப்படுத்தினார் என்று காட்டினால் கதை வேறு.

புகார் கொடுத்தவுடன் கைதா?

ஏழு ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றங்களில் கைது தானாக நடக்க வேண்டியதில்லை. 2014-ல் உச்ச நீதிமன்றத்தின் அர்னேஷ் குமார் தீர்ப்பு சொன்னது இது. முதலில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இப்போது அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3). நோட்டீஸை மதித்துப் போய் நின்றால், தனிக் காரணம் எழுதாமல் கைது செய்யக் கூடாது.

புதிய சட்டத்தில் இன்னொரு வசதியும் வந்திருக்கிறது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் பூர்வாங்க விசாரணை செய்து பார்த்துவிட்டு எஃப்.ஐ.ஆர். போடலாம். 173(3) பிரிவு. பேச்சு, எழுத்து சம்பந்தப்பட்ட புகார்களில் இந்த வழியைப் பயன்படுத்துவதே முறை என்று பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

நடப்பு எப்படி என்றால், நான் பார்த்தவரை தண்டனையைவிட வழக்குதான் ஆளை ஒடிக்கிறது. செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், திரும்பி வர மாதக்கணக்காகும். அதில்தான் வங்கியும் வியாபாரமும் பிள்ளையின் பள்ளிக்கூடக் குழுவும் இருக்கும்.

எங்கள் மக்களுக்கு எதிராக ஒருவர் எழுதியிருக்கிறார். முதலில் என்ன செய்வது?

கீழே பதில் எழுதாதீர்கள். ஆதாரத்தை எடுங்கள். ஒரு பெரியவர் நெட் சென்டரில் பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, பத்திரமாகக் கொண்டுவந்தார். பதிவு முழுதாக இருந்தது. எழுதியவரின் கணக்குப் பெயர் இருந்த மேல் ஓரத்தை, பக்கத்தில் அடங்கவில்லை என்று சென்டர் பையன் வெட்டிவிட்டிருந்தான். தேதி இல்லை, இணைப்பு இல்லை. நாங்கள் தேடுவதற்குள் அந்தக் கணக்கு பெயரை மாற்றிக்கொண்டு, படத்துக்குச் சாமி படம் வைத்துக்கொண்டுவிட்டது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். பதிவின் முழு இணைப்பையும், எழுதியவரின் கணக்குப் பக்கத்தின் இணைப்பையும் தனித்தனியாக நகலெடுத்து வையுங்கள். பெயர் எப்போது வேண்டுமானாலும் மாறும். கணக்குப் பெயர், தேதி, பகிர்வு எண்ணிக்கை தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வீடியோ என்றால் ஸ்கிரீன் ரெக்கார்டிங் போட்டு, கணக்குப் பக்கத்தில் தொடங்கி வீடியோ வரை போங்கள். எந்த நிமிடத்தில் என்ன சொன்னார் என்று சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். வாட்ஸ்அப் என்றால் வந்த செய்தியை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். நீதிமன்றத்தில் இவற்றைக் காட்ட, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவில் சான்றிதழ் வேண்டும். பழைய 65பி-தான் இது. அதில் நீங்கள் ஒரு பகுதியும் நிபுணர் ஒரு பகுதியும் கையெழுத்திட வேண்டும். சான்றிதழ் இல்லாமல் விழுந்த வழக்குகள் நிறைய.

புகாரை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், எல்லை பிரச்சினை சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. மாவட்ட சைபர் கிரைம் பிரிவிலும், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் கொடுக்கலாம். 1930 என்ற எண் பண மோசடிக்கானது, இதற்கு அதைச் சுற்ற வேண்டாம்.

ஸ்டேஷனில் வாங்க மறுத்தால்?

எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதுவும் நகரவில்லை என்றால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3)-ன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு. ஷாஹீன் அப்துல்லா வழக்கில் 2023 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவையும் மனுவில் சேருங்கள். புகாருக்குக் காத்திராமல், பேசியவரின் மதம் பார்க்காமல், எல்லா மாநிலக் காவல்துறையும் தானாக வழக்குப் பதிய வேண்டும் என்கிறது அது. நடைமுறையில் தானாகப் பதிவது யார் மீது, பதியாமல் விடுவது யாரை என்பது நாளிதழ் படிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

ஃபேஸ்புக், யூடியூப் நிறுவனங்களுக்குப் பொறுப்பு இல்லையா?

உண்டு. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள நிறுவனங்கள் இங்கேயே குறைதீர்ப்பு அதிகாரி வைக்க வேண்டும். மதம், சாதியின் பெயரால் வன்முறையைத் தூண்டும் நோக்கத்தோடு பகை வளர்ப்பது விதியிலேயே தடை. முதலில் புகாரைத் தீர்க்க 15 நாள் கொடுத்திருந்தார்கள். 2022 திருத்தத்தில் சில வகைப் பதிவுகளுக்கு 72 மணி நேரம் ஆக்கினார்கள். காலக்கெடு சுருங்கிக்கொண்டேதான் போகிறது. பதில் திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். என் தொழிலுக்கு நஷ்டம்தான், ஆனாலும் சொல்கிறேன்.

ஒரு சிக்கல். "ரிப்போர்ட்" பொத்தானை அழுத்துவதும் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் அனுப்புவதும் ஒன்றல்ல. பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் இயந்திரம்தான் பார்க்கும். தமிழில், அதுவும் வட்டார வழக்கில், சாடையாகச் சாதியைக் குத்துகிற வசவு அதற்குப் புரியாது. "எங்கள் விதிமுறைகளை மீறவில்லை" என்று பதில் வரும். அதிகாரிக்கு எழுதும்போது அந்தச் சொல்லுக்கு ஊரில் என்ன அர்த்தம் என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள்.

அரசு நேரடியாக முடக்க முடியுமா?

முடியும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் நாட்டுப் பாதுகாப்பு, பொது அமைதி போன்ற காரணங்களுக்காக மத்திய அரசு தடுக்கலாம். 2009 விதிகளின்படி அந்த உத்தரவு ரகசியம். யாருடைய பதிவு போனதோ அவருக்கே காரணம் தெரியாமல் போகலாம். இதுபோக அதே சட்டத்தின் 79(3)(பி) என்ற பிரிவை வைத்து, "சஹ்யோக்" என்ற தளத்தின் மூலம் பல துறைகளும் காவல்துறையும் நீக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்புகின்றன. எக்ஸ் நிறுவனம் இதை எதிர்த்துப் போனது. 2025 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. வெறுப்புப் பதிவு போக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. காரணம் சொல்லாமல் எடுக்கிற கை, நாளைக்கு அரசைக் கேள்வி கேட்ட பதிவையும் எடுக்கும் என்பதுதான் என் கவலை.

இவ்வளவு வழக்குப் போடுகிறார்கள், தண்டனை ஏன் அரிதாக இருக்கிறது?

196, 299 போன்ற பிரிவுகளில் நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 217-வது பிரிவு. எஃப்.ஐ.ஆர். போட அனுமதி தேவையில்லை, கைதுக்கும் தேவையில்லை, விசாரணை நீதிமன்றத்தில் தொடங்கத்தான் தேவை. அற்பக் காரணத்துக்கு வழக்குப் போடுவதைத் தடுக்க வைத்த வாசல் அது. நடப்பில், சாதாரண ஆள் கைதாகி ஜாமீனில் வந்த பிறகும் கோப்பு கிடக்கும். செல்வாக்குள்ளவருக்கோ அனுமதி வருவதே இல்லை. ஆட்சி மாறினால் கோப்புக்குக் கால் முளைப்பதும் உண்டு.

வெளிநாட்டில் இருந்துகொண்டு எழுதினால்?

இந்தியக் குடிமகன் எங்கே இருந்து செய்தாலும் பி.என்.எஸ். பொருந்தும். ஊருக்கு வரும்போது விமான நிலையத்தில் தெரியவரும். அதோடு இருக்கிற நாட்டின் சட்டமும் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2015 முதலே மத வெறுப்புக்கு எதிரான கடுமையான சட்டம் உண்டு. 2020-ல் முஸ்லிம்களுக்கு எதிராக எழுதிய இந்தியர்கள் சிலர் அங்கே வேலையை இழந்தார்கள்.

இலங்கையில் 2007-ம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின், அதாவது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டத்தின், 3-வது பிரிவு இதற்கானது. சிறுபான்மையினரைக் காக்க வேண்டிய அந்தச் சட்டத்தில், "பேனாவால் போராடுவோம்" என்ற பொருளில் ஃபேஸ்புக்கில் எழுதிய ஓய்வுபெற்ற முஸ்லிம் அரசு ஊழியர் ஒருவரை 2020-ல் ஐந்து மாதம் உள்ளே வைத்தார்கள். 2023 நவம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றம் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2024 பிப்ரவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும், அதாவது ஆன்லைன் பாதுகாப்புச் சட்டமும், அங்கே வந்துவிட்டது.

பதிவை நீக்கிவிட்டால் வழக்கு போய்விடுமா?

போகாது. எஸ்.வி. சேகரும் நீக்கியவர்தான். ஆனாலும் யாரும் புகார் கொடுப்பதற்கு முன்பே, தவறு தெரிந்தவுடன் நீக்கி, அதே இடத்தில் திருத்தம் போட்டால், கெட்ட நோக்கம் இல்லை என்று வாதாட அது உதவும். புகார் வந்த பிறகு, நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு நீக்குவது வேறு விஷயம். ஆதாரத்தை அழித்ததாகத் தனிப் பிரிவே சேரும். அந்தக் கட்டத்தில் போனை ஃபார்மட் செய்வது, சிம்மை உடைப்பது, மச்சான் போனில் புதுக் கணக்குத் தொடங்குவது எதுவும் வேண்டாம். நோட்டீஸையும் பதிவின் நகலையும் எடுத்துக்கொண்டு, ஆஜராகச் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு வக்கீலைப் பாருங்கள். தேதியன்று காலை ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டு போன் செய்யாதீர்கள்.